கொச்சங்காடிக் கல்

நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் இம்மாதப் பாடம் 'துன்பத்தில் இறைநம்பிக்கை'. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். 2018 ஆகஸ்டில் அந்த நம்பிக்கையை நானே கைவிட்டிருந்தேன்.

அப்போது ஆலுவாயில் கீழ்த்தளத்து வாடகை வீட்டில் இருந்தோம். பெரியாறு ஒரே இரவில் உள்ளே வந்துவிட்டது. தையல் மெஷின், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போயின. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றாள் மனைவி. முகாமில் ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அப்பா, சாமி அன்னைக்கு எங்க போயிருந்தாரு?" பதில் தெரியாமல் அதட்டிவிட்டேன். இன்றும் உறுத்துகிறது.

பிறகு கொச்சங்காடியில் ஓர் அறை கிடைத்தது. இந்த இடத்தின் கதையை அங்கு வந்தபின்தான் அறிந்தேன்.

1341-ல் இதே பெரியாற்றில் பெருவெள்ளம். நம் சங்கப் பாடல்கள் பாடிய முசிறிப் பகுதியில், கொடுங்கல்லூர்த் துறைமுகம் மண்மூடித் தூர்ந்தது. கொச்சியில் கடல்வாய் அகன்று புதுத் துறைமுகம் உண்டாயிற்று. வணிகம் இந்தப் பக்கம் நகர, மக்களும் பிழைப்பைத் தேடி நகர்ந்தார்கள். கொச்சங்காடியில் யூதர்கள் ஒரு ஜெபாலயம் எழுப்பினார்கள். அதன் எபிரேயக் கல்வெட்டு காட்டும் ஆண்டு 1344. வெள்ளம் வடிந்து மூன்றே ஆண்டுகள்!

அந்தக் கட்டடம் இன்று இல்லை. கல் மட்டும் மட்டாஞ்சேரியில், 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் சுற்றுச்சுவரில் பதிந்திருக்கிறது. வருபவர்கள் சீனத்து நீல ஓடுகளையும் மணிக்கூண்டையும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

இறைவன் உடனிருப்பதை யூதர்கள் 'செக்கினா' என்பார்கள். குடியிருத்தல் என்று பொருள். மக்கள் நாடு கடத்தப்பட்டபோது அதுவும் அவர்களோடு கூடவே புறப்பட்டுப் போனதாக அவர்களுடைய பழைய ஆசான்கள் போதித்தார்கள்.

இதைக் கேட்டபோது ஆலுவா மணப்புறத்துச் சிவன்கோயில் நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகி அந்தச் சன்னிதி மூழ்கும். அதை அங்குள்ளவர்கள் சாமிக்கு ஆறாட்டு என்று கொண்டாடுவார்கள். 2018-லும் மூழ்கியது. மகளிடம் தாமதமாகவேனும் சொன்னேன்: "சாமி எங்கேயும் போகலைம்மா. நம்மளோட தண்ணிக்குள்ளதான் இருந்தாரு." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவருக்கும் குளிர்ந்திருக்கும்ல?" என்றாள்.

எல்லாம் நன்மைக்கே என்று சொல்பவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. போன தையல் மெஷின் போனதுதான். கடன் வாங்கிப் புதிது வாங்கினோம். ஊருக்குப் போகும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

அடுத்த வகுப்பை அந்தக் கல்லின் முன் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், திறக்கமாட்டார்கள். ஆகவே ஞாயிறு காலையே பிள்ளைகளை அழைத்து வாருங்கள். தண்ணீர் பாட்டில் மறக்கவேண்டாம்.