பழைய பேருந்தே புதிய வீடு

பேருந்தில் பயணம் செய்யலாம். குடியிருக்க முடியுமா என்று சிலர் நகைக்கலாம். என் தந்தையார் குடியிருந்தவர். கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் தகரவேலை செய்கிறார். வாரம் ஒருமுறைதான் திண்டுக்கல் வருவார். மற்ற இரவுகளில் வேலை முடியாத பேருந்துக்குள்ளேயே படுத்துக்கொள்வார்.

2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாற்றில் பழைய பேருந்தைத் தங்கும் அறையாக மாற்றியது. 16 படுக்கைகள், தொடக்கத்தில் ஓர் இரவுக்கு 100 ரூபாய் கட்டணம். செய்தியைப் படித்துக் காட்டியதும் தந்தையார், "அது மலை, குளிர்ச்சி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அப்படியே நிறுத்தினால் உள்ளே இருப்பவன் வெந்துபோவான்" என்றார். இயற்பியல் பயிலும் எனக்கு அதுவே பாடமாயிற்று.

முதலாவது வெப்பம். உலோகத்தகடு வெப்பத்தை எளிதில் கடத்தும். அசையாத காற்று அரிதிற் கடத்தும். ஆகவே வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே கண்ணாடி இழைப் பஞ்சை நிரப்ப வேண்டும். இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இரண்டாவது எடை. 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. அதாவது 60 கிலோ எடையுள்ள ஐவருக்குச் சமம். தொட்டியைக் கூரைமேல் வைத்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவில் வண்டி சாயும். தரைக்குக் கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவே வைப்பதே முறை. பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைபாயும். அதனால் உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும்.

மூன்றாவது சமையல் வாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். எனவே காற்றுப்போக்கியைத் தரைமட்டத்திலும் அமைக்க வேண்டும். கட்டில் போடும் ஆசையில் அவசர வழியை அடைத்துவிடக் கூடாது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க இயலாது. அத்தகைய பேருந்து சாலையில் ஓடாது. ஓரிடத்தில் நின்ற வீடாகலாம். தனியார் பேருந்தை ஓடும் வீடாக்கவும் அதிகாரிகளின் முன்அனுமதி வேண்டும்.

நண்பர்களே! செல்வர்கள் உல்லாசப் பயணம் போகவே இவ்வண்டிகள் என்று எண்ண வேண்டா. இரவு வந்து சேரும் ஓட்டுநரும் நடத்துநரும் கால்நீட்டிப் படுக்க, நின்றுபோன பேருந்து ஒன்று போதும். அதைக் கட்டும்போது, தகரக் கூரையின்கீழ் உறங்கியவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் புத்தகத்தில் கண்ட வெப்பக் கடத்தலை, என் தந்தையார் முதுகில் கண்டவர்.