முதல் நாள் போய் என்ன கதைப்பது?

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 31. கரவெட்டியில் இருக்கிறேன். யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியில் வேலை. அப்பா தவறி ஒன்றரை வருடம். ஆறு மாதமாக நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, அடிக்கடி பெருமூச்சு வருகிறது. ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் நோர்மல். ஓபிடி டொக்டர் உளவளத்துணைக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார். வருகிற கிழமை போக வேண்டும். போய் என்ன கதைப்பதென்றே தெரியவில்லை. அம்மா தானும் உள்ளே வருவேன் என்று நிற்கிறா. அதே நேரம், “ஆரும் கண்டால் கலியாணப் பேச்சு குழம்பிப் போம்” என்றும் பயப்படுகிறா. இது எங்காவது பதிவாகி வேலைக்குப் பிரச்சினை வருமா?

பதில்: “ஒன்றும் ஆயத்தம் செய்ய வேண்டாம், சும்மா போங்கோ” என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்ல முடியாது தங்கச்சி. பெரிய நகரம் என்றால் எதிரே இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருப்பார். இங்கே “எவடம்?”, “ஆற்றை மகள்?” என்ற இரண்டு கேள்விக்குள் அவருடைய சம்பந்தி உங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் என்று வெளிவந்துவிடும். அதிலும் “எவடம்?” என்பது எங்கள் ஊரில் எப்போதும் விலாசத்தை மட்டும் கேட்பதில்லை, சாதியையும் கேட்கும். உங்களுக்கே தெரியும்.

ஆகவே எதைச் சொல்வது என்பதை விட, எதை இப்போதைக்குச் சொல்லாமல் விடுவது என்பதை வீட்டிலேயே யோசித்து வையுங்கள். படிவத்துக்குத் தேவையான பெயர், வயது, விலாசம் போதும். மிச்சத்துக்கு “அதைப் பிறகு சொல்லட்டோ?” என்று கேட்கலாம். நல்ல உளவளத்துணையாளர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். அவர் உறவுக்காரராகவோ தெரிந்தவராகவோ இருந்தால் வேறொருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவில்லை. அவரே அப்படிச் செய்யத்தான் வேண்டும்.

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது, “நான் சொல்லுறது ஆருக்கெல்லாம் தெரியவரும்?” உங்களைப் பார்க்கும் மருத்துவக் குழுவுக்குள் பகிரப்படலாம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறதென்றால், நீதிமன்றம் கேட்டால் வெளியே போகலாம். இவை தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கிக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ எவரும் தகவல் கொடுக்கக் கூடாது. சிலர் பொலிசுக்குப் பயந்து ஒன்றை மறைக்கிறார்கள்: முன்பு எப்போதாவது சாக முயன்றதை. இலங்கையில் 1998 முதல் அது குற்றமில்லை. அப்படி ஏதும் இருந்தால், அல்லது இப்போது அந்த எண்ணம் வந்தால், முதல் நாளே சொல்லுங்கள். வருகிற கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆரும் காணாமல் போய்வர வழி சொல்ல என்னால் முடியாது. கரவெட்டிக்கு மந்திகை ஆஸ்பத்திரி கிட்ட. ஆனால் அயல் முழுக்க அங்கேதான் நிற்கும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அத்தனை சனத்துக்குள் உங்களை ஆர் கவனிக்கப் போகிறார்கள்? மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக “அங்கொடை” என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்த சமூகம் நாங்கள். அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்காக ஒரு கிளினிக்கையும் தவற விடாதீர்கள்.

இனிக் கதைப்பது. உடம்பிலிருந்தே தொடங்கலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நோயாளிகளைப் பார்த்து எழுதியவற்றில், துக்கமும் பயமும் இங்கே உடம்பு நோவாக, பெருமூச்சாக வருவதைத் திரும்பத் திரும்பக் காணலாம். எனவே “நெஞ்சு படபடக்குது” என்பது நல்ல தொடக்கம். எந்த நேரம் வருகிறது, வேலையிலா வீட்டிலா, ஆர் பக்கத்தில் இருக்கும்போது என்று நாலு வரி ஒரு கடதாசியில் குறித்துக்கொண்டு போங்கள். குடிக்கும் குளிசைகளின் பெயர், சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ இருந்தால் அது, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, கோப்பி என்பதும் வேண்டும். தைரொயிட் பார்த்தார்களா என்று பழைய ரிப்போட்டில் பாருங்கள். அது கூடினாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். கோயிலில் நூல் கட்டியிருந்தால் அதை ஒளிக்க வேண்டாம். ஆரும் சிரிக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அப்பா போய் ஒன்றரை வருடம். படபடப்பு ஆறு மாதம். அப்படியென்றால் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு தொடங்கியிருக்கிறது. எங்கள் வீடுகளில் அதன் பிறகுதான் நல்ல காரியம் பேசத் தொடங்குவார்கள். கலியாணப் பேச்சு எப்போது தொடங்கியது? கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கடதாசியில் இந்தத் திகதிகளையும் எழுதுங்கள்.

கலியாணப் பேச்சைப் பற்றி அம்மாவுக்கு முன்னால் மனம்விட்டுக் கதைப்பது கஷ்டம். அதனால்தான் அவ தொடக்கத்திலிருந்தே உள்ளே இருப்பது சரிவராது என்று நினைக்கிறேன். அவவை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெளியே இருக்கச் சொல்லி, கடைசிப் பத்து நிமிடம் கூப்பிடலாம். குடும்பத்தில் ஆருக்கு என்ன வருத்தம் இருந்தது என்று அவவுக்குத்தான் தெரியும். கூப்பிடுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். “அம்மாவுக்குச் சொல்லக் கூடாதது இது” என்பதை அவ உள்ளே வருமுன் உளவளத்துணையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அழுகை வந்தால் அழலாம், வராவிட்டாலும் குறையில்லை. முதல் நாளில் பெரும்பாலும் அவர்தான் கேள்வி கேட்பார். அறிவுரை அதிகம் கிடைக்காது. ஒரு நாளில் படபடப்பு நிற்காது. மூன்று நாலு தரம் போய்ப் பார்த்தும் மனம் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றக் கேளுங்கள். அன்றைக்குப் பின்னேரம் வங்கிக்குத் திரும்புவதாக வைக்க வேண்டாம். களைப்பாக இருக்கும். முழுநாள் லீவாகப் போடுங்கள்.