பதநீர் கெடுதலும் கலயத்தின் சுத்தமும்

பனையேற்றுப் பருவம் தொடங்கியதும், கருப்பட்டி கட்டவில்லை, பாகு எவ்வளவு காய்ச்சியும் பிசுபிசுக்கிறது என்னும் முறையீடு தென்மாவட்டத்துப் பனங்காடுகளில் எழுவது வழக்கம். உடனே காய்ச்சுகின்ற பெண்டிரின் கைப்பக்குவத்தையும், விறகின் ஈரத்தையும் குறை கூறுவர். பெரும்பாலும் குற்றம் அடுப்பில் இல்லை. அது முந்தின இரவே மரத்தின்மேல், பாளையில் கட்டிய கலயத்தில் நேர்ந்துவிட்டது. அன்றைய உழைப்பும் விறகும் வீணாவது இதனால்தான்.

பாளையினின்று சொட்டும் புதிய பதநீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 பாகம் சர்க்கரை உண்டு. கரும்பிலுள்ள சர்க்கரையும் இதுவும் ஒன்றே. காற்றிலும், ஈக்களின் காலிலும், பழைய கலயத்தின் நுண்துளைகளிலும் தங்கியிருக்கும் ஈஸ்ட் என்னும் நொதிக்காளான் இதில் விழுந்தால், முதற்கண் அச்சர்க்கரையை இரு வேறு எளிய சர்க்கரைகளாகப் பிரிக்கின்றது. பின்னர் அவற்றைச் சாராயச் சத்தாக மாற்றுகின்றது. பிரிந்த சர்க்கரை இனிப்பாகவே இருக்கும். ஆனால் எளிதில் மணியாக உறையாது, உறையும் சர்க்கரையையும் உறைய விடாது. ஆதலால் நாவுக்குக் கேடு தோன்றாத பதநீரும் சிரட்டையில் வார்த்தபின் இளகி நிற்றல் கூடும். ஈஸ்டுடன் வரும் வேறு நுண்ணுயிர்களுள் சில புளிப்பை உண்டாக்கும்; சில பதநீரைக் கொழகொழவென்று நூல்விடச் செய்யும்.

இவற்றைத் தடுப்பதற்கே கலயத்தினுள் சுண்ணாம்பு பூசுகின்றோம். சுண்ணாம்பின் காரத்தில் இவ்வுயிர்கள் பெருக இயலாது. எனினும் நீறு பழையதாயின் பயனில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றுப்படத் திறந்து கிடந்தால் கரியமிலவாயுவை ஏற்றுச் சாக்கட்டிபோல் ஆகிவிடும்; வெண்மை மாறாது, காரம் மட்டும் போய்விடும். ஆகவே புதிதாக நீற்றிய சுண்ணாம்பை நீர் நிற்க மூடிவைத்து, வேண்டிய அளவே எடுத்தல் நன்று.

இவ்விடத்தில் ஒரு தவறான வழக்கத்தைக் கண்டித்துக் கூறுதல் அவசியம். இறக்கிய பதநீர் புளித்திருக்கக் கண்டு, அதில் மேலும் ஒரு கை சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவோர் உளர். புளிப்பு மறையும், பிரிந்த சர்க்கரை மீண்டும் கூடாது. அன்றியும், பிரிந்த சர்க்கரை மிகுந்த காரத்துடன் காயுங்கால் நிறம் கறுக்கும். கட்டாத பாகு கறுத்தும் போவதே இம்மருத்துவத்தின் பயன்.

சுண்ணாம்பின் காரம் எஞ்சியுள்ளதா என்று அறிய, செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் துணியில் தோய்த்து, நிழலில் உலர்த்தித் துண்டுகளாக வைத்துக்கொள்க. இறக்கியவுடன் கலயத்துக்கு ஒரு துளி வீதம் அதில் விடுக. ஆரத்தி நீரின் செந்நிறம் தோன்றினால் காரம் உண்டு. மஞ்சள் மாறாதிருந்தால் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, அப்பதநீரை ஐயுறவேண்டும். பின்னால் சுண்ணாம்பு கரைத்த கெட்ட பதநீரும் சிவப்பே காட்டுமாதலால், சோதனையை மரத்தடியிலேயே செய்தல் வேண்டும்.

பார்லியிலிருந்து பியர் காய்ச்சும் ஐரோப்பியரும் இத்தகைய கேட்டினால் நெடுங்காலம் நஷ்டமுற்றனர். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட பியர் பற்றிய நூலில், பியரின் நோய்களுக்கு அதனுட் புகும் அன்னிய நுண்ணுயிர்களே காரணம் என விளக்கினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சார்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், 1883-இல் ஒற்றை அணுவிலிருந்து தூய ஈஸ்டைப் பெருக்கிக் காட்டினார்; காட்டு ஈஸ்டு கலந்ததால் பியர் கெட்டது என்பதும் அவரால் தெளிவாயிற்று. இன்றும் மேனாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுவோர் மேலே ஆடை படரக் கண்டாலும், வேண்டாத புளிப்பை உணர்ந்தாலும், அதை மற்றதனுடன் கலவாது ஒதுக்கி, பாத்திரம், குழாய், மூடி என ஒவ்வொன்றாகச் சந்தேகித்துப் பார்க்கின்றனர். அவர்களுக்கு ஈஸ்டு ஒன்று வேண்டும், ஏனையவை ஆகா; நமக்கோ எதுவுமே ஆகாது. தேடும் முறை ஒன்றே.

அம்முறையை நம் பனங்காட்டில் பின்வருமாறு கையாளலாம். கலயங்களுக்கு அடையாளமிட்டுக் கொள்க. ஒரு மரத்துப் பதநீர் நாள்தோறும் கெடுமாயின், அதன் கலயத்தை நல்ல மரத்துக்கும், நல்ல மரத்துக் கலயத்தை இதற்கும் மாற்றி, இரண்டிலும் ஒரே நீற்றைப் பூசி, இரண்டொரு நாள் பார்க்க. கேடு கலயத்துடன் சென்றால் கலயமே குற்றவாளி. மரத்திலேயே நின்றால், பாளையின் வெட்டுவாயில் அழுக்கு ஏறியிருக்கும். அதைச் சற்று ஆழமாகச் சீவி, அரிவாளையும் கழுவித் துடைத்துப் பயன்படுத்துக. எல்லா மரத்திலும் ஒருங்கே கெட்டால், நீறு பழையதா, வெயில் ஏறிய பின் இறக்கினோமா, கொணரும் குடமும் வடிகட்டும் துணியும் முந்தினநாள் கசடோடு கிடந்தனவா என்று ஆராய்க. வடிதுணியைப் பலர் நினைப்பதே இல்லை.

கெட்ட கலயத்தை வெறும் நீரில் அலசுவது போதாது. உள்ளே சுரண்டித் தேய்த்து, கொதிநீர் ஊற்றி வைத்திருந்து கொட்டி, கடும் வெயிலில் கவிழ்க்காமல் உலர்த்துக. வைக்கோல் தீயில் வாட்டுவது பின்னும் நன்று. அதன் பின்னரும் புளிப்பு வாடை வீசுமாயின் உடைத்துவிடுக. ஒரு கலயத்தின் விலை, ஒரு நாட்காய்ச்சலின் விறகுக்கும் ஈடாகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்குமாதலால் அது இவ்வேலைக்கு உதவாது.

பச்சைப் பதநீர் விற்போர் வௌவாலையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2005-இல் வங்காளதேசத்து டாங்கைல் மாவட்டத்தில், பழந்தின்னி வௌவால் தீண்டிய பச்சை ஈச்சஞ்சாற்றின் வழியாக நிப்பா நோய் பரவி உயிர்ச்சேதம் உண்டாயிற்று. அங்கு மூங்கில் தட்டியால் வெட்டுவாயையும் கலயத்தையும் மறைத்து வௌவாலைத் தடுக்கின்றனர். இங்கும் ஓலையால் அவ்வாறு மூடுதல் அரிதன்று.

கெட்டதென்று கண்ட பதநீரைக் கொப்பரையில் ஊற்றற்க. ஒரு கலயம் முழுக் காய்ச்சலையும் கெடுக்கும். நுரைத்துப் பொங்கிச் சாராய வாடை வீசுவதை அப்பொழுதே, மரங்களுக்கு அப்பால் குழியில் கொட்டி மண்ணிடுக. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடையிருக்க, நொதித்த பதநீரை வைத்திருப்பது வழக்கில் கொண்டுபோய் விடும். சற்றே மாறியதாகத் தோன்றும் பதநீரைத் தனிச் சட்டியில் தாமதமின்றிக் காய்ச்சி, சிரட்டையில் வார்க்காமல் கூப்பனிப் பதத்திலேயே இறக்கிக்கொள்க. மணியாக உறையாத குணம் கருப்பட்டிக்குக் குறையே. கூப்பனிக்கு அது குறையன்று.