கப்பலை விட்டு இறங்கிய பிறகு...

நார்வேயின் பெர்கன், கெய்ராங்கர், நார்ட்காப் என்று இரண்டு மூன்று வாரம் கப்பலில் சுற்றியவர்களுக்கு, வீடு வந்த பிறகும் தரை ஆடுவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். அலைக்கு ஏற்ப உடம்பைச் சமன்செய்து பழகிய மூளை, அந்தப் பழக்கத்தை விடக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் சரியாகிவிடும். படுத்தே கிடக்காமல் காலாற நடப்பது நல்லது; ஏணி ஏறுவதையும் வண்டி ஓட்டுவதையும் மட்டும் தள்ளிப்போடலாம். ஒரு மாதம் தாண்டியும் ஆட்டம் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நார்ட்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அதில் குழம்பிய தூக்கத்துக்குக் காலை வெயிலும் இரவு இருட்டும்தான் மருந்து.

மிஞ்சிய பணத்தை உடனே பிரித்துவிடுவது நல்லது. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து நான்கிலும் ‘குரோன்’ போலவே பெயர் ஒலித்தாலும், நான்கும் வெவ்வேறு நாணயங்கள். மாற்றுமிடங்களில் பெரும்பாலும் தாள்களைத்தான் வாங்குவார்கள். சில்லறையை அந்தந்த நாட்டின் கடைசித் துறைமுகத்திலேயே செலவழித்துவிடுவது லாபம்.

படங்கள்தான் முக்கியம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தே இடம்பெற்ற கெய்ராங்கர், நேரோய் நுழைகழிகள் (ஃபியோர்டுகள்) இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். நினைவு மங்குவதற்குள், முதல் வாரத்திலேயே ஊர்ப்பெயரையும் தேதியையும் எழுதி வைத்துவிடுங்கள்.