பயிரை வரைந்து பழகுவோம், நோயை இனம் காண்போம்



இலையில் புள்ளி கண்டவுடன் மருந்துக் கடைக்குச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. "பயிரில் ஏதோ விழுந்திருக்கிறது, ஒரு மருந்து கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? அந்த 'ஏதோ' என்பது எது என்று நமக்கே தெரிந்திருந்தால் வீண் செலவு குறையும். அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கண்டதை வரைந்து பார்ப்பதே அது.

ஓவியர்கள் காட்டிய வழி

செடிகொடிகளை உள்ளது உள்ளபடி வரைவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1819ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தார். 1842 முதல் கோவையில் அரசின் பருத்திச் சோதனைகளை நடத்தியவரும் இவரே. இவருக்காக முதலில் ரங்கையாவும், பின்னர் கோவிந்துவும் படம் வரைந்தனர். இருவரும் தென்னிந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் தாவரப் பட நூலில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆர்க்கிட் வகை ஒன்றுக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

இவ்வோவியர்கள் செடியை முழுமையாக வரைந்ததோடு நிற்கவில்லை. பூவைப் பிரித்து, இதழ், மகரந்தப்பை, சூலகம், விதை ஆகியவற்றைத் தனித்தனியே பெரிதாக்கியும் வரைந்தனர். செடியை நேரில் காணாதவரும் படத்தைக் கொண்டு அதை இனம் காண முடிந்தது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

செட்டிநாட்டில் கோலம் போட்டுப் பழகிய கைகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் பூ உண்டு. ஆனால் கோலப் பூவில் எல்லா இதழும் ஒரே அளவாக இருக்கும். வயலில் அப்படி இல்லை. இலையின் ஒரு பக்கத்தைப் புழு தின்றிருந்தால், தின்றபடியே வரைய வேண்டும். அழகுபடுத்தக் கூடாது.

எப்படி வரைவது?

1. காலை வேளையில், வாடாத இலையைப் பறித்து வாருங்கள். இலையைத் தாளின் மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிடுங்கள். அளவு தவறாது.

2. புள்ளியோ பூச்சியோ இருக்கும் இடத்தைக் குறியுங்கள். இலையின் மேற்புறமா, அடிப்புறமா, நுனியா, நடுநரம்பா என்று எழுதுங்கள்.

3. பூச்சியைக் கைலென்சு கொண்டு பார்த்துப் பெரிதாக வரையுங்கள். கால்களை எண்ணுங்கள். பூச்சிக்கு ஆறு கால்; சிலந்திக்கு எட்டுக் கால்.

4. பெரிதாக்கிய படத்தின் அருகில், பூச்சியின் உண்மையான நீளத்துக்கு ஒரு சிறு கோடு போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோல் போதும்.

5. நிறம், நாள், பயிரின் வயது, பத்துச் செடிகளில் எத்தனையில் கண்டீர்கள் என்பவற்றை எழுதி வையுங்கள்.

நெல்லில் இரு புள்ளிகள்

புழுதி விதைப்பு நெல்லில் இரண்டு வகைப் புள்ளிகள் தோன்றலாம். இரண்டையும் அருகருகே வரைந்து பாருங்கள். குலைநோயின் புள்ளி நூல் நூற்கும் கதிரைப் போல, இரு முனையும் கூர்மையாக இருக்கும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு நிறம். செம்புள்ளி நோயின் புள்ளி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, எள்ளைத் தெளித்தாற்போல் இருக்கும்.

இதில் என்ன வேறுபாடு என்று எண்ண வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் பெருகும். ஆகவே யூரியா மேலுரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். செம்புள்ளியோ சத்துக் குறைந்த மண்ணிலும் ஈரம் வறண்ட நிலத்திலும் அதிகம் வரும். அங்கே குலைநோய் என்று கருதி உரத்தை நிறுத்தினால் பயிர் மேலும் நலியும். மண் பரிசோதனை செய்து, குறைந்த சத்தை, குறிப்பாகச் சாம்பல் சத்தை, இடுவதே அதற்கு வழி. புள்ளியின் முனை கூர்மையா, வட்டமா என்பதில் மகசூலே அடங்கியிருக்கிறது.

மாவுப்பூச்சியும் அதன் பகைவனும்

2008ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனப் பல பயிர்களை அது தாக்கியது. உடலை மூடிய மெழுகுப் பூச்சால் மருந்து எளிதில் உட்புகவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியே அதைக் கட்டுப்படுத்தியது.

மாவுப்பூச்சிகளை உண்ணும் இரைவிழுங்கியும் உண்டு. அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு. இதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளால் மூடப்பட்டிருப்பதால், பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்கிவிடுகிறார்கள். அளவுக்கோடு இங்கே கைகொடுக்கும். பப்பாளி மாவுப்பூச்சி சுமார் 2 மில்லிமீட்டர்தான். முழு வளர்ச்சி அடைந்த பொறிவண்டின் புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். சுறுசுறுப்பாக ஊர்ந்து இரை தேடும். இரண்டையும் ஒருமுறை அளந்து வரைந்தவர் நண்பனைக் கொல்ல மாட்டார்.

செல்பேசியில் படம் எடுத்தால் போதாதா?

படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2 மில்லிமீட்டர் பூச்சி செல்பேசிப் படத்தில் பெரும்பாலும் மங்கலாகவே விழும். மேலும், படம் எடுப்பவர் காலை எண்ணுவதில்லை. வரைபவர் எண்ணாமல் வரைய முடியாது.

ஊரில் பயிற்சி

உங்கள் ஊர்ப் பள்ளியின் ஓவிய ஆசிரியரை ஒரு மாலை வேளையில் கண்மாய்க் கரைக்கோ வயலுக்கோ அழையுங்கள். அளவு பிடிக்கவும், பெரிதாக்கி வரையவும் அவர் கற்பிப்பார்; பூச்சியின் பெயரை உதவி வேளாண்மை அலுவலர் சொல்வார். பிள்ளைகளையும் உடன் அமர்த்துங்கள். வரைந்த தாளோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் சென்றால், வழியில் வாடி அழுகிய இலையைவிட அத்தாள் தெளிவாகப் பேசும்.

பருவத்துக்கு ஒரு நோட்டு என வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே புள்ளி தோன்றும்போது, கடைக்குப் போகுமுன் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். உழவர் பெருமக்கள் இம்முறையைக் கையாண்டு பயிரையும் பணத்தையும் காத்துப் பயன் பெறுவார்களாக.