நெஞ்சுவலி எல்லாம் வாய்வுதானா?

நம் வீடுகளில் நெஞ்சு வலிக்கிறது என்றால் முதலில் வரும் சொல் 'வாய்வு'. ஓமத் தண்ணீரோ சோடாவோ குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பது வழக்கம். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். இரைப்பை அமிலம் மேலேறுவதாலும் தசைப் பிடிப்பாலும் வலி வருவதுண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் வலி இதயத்தின் முறையீடாகவும் இருக்கலாம். விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இதயத்திற்கும் இரத்தம் வேண்டும்

இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1 இலட்சம் முறை துடிக்கிறது. உடலெங்கும் இரத்தம் அனுப்பும் இத்தசை, தனக்கு வேண்டிய இரத்தத்தை வலது, இடது இதயத் தமனிகள் வழியாகப் பெறுகிறது. இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், ஓய்வில் இரத்தம் போதும், உழைக்கும்போது போதாது. அப்பற்றாக்குறையே வலியாகிறது. இதனை மருத்துவர்கள் 'ஆஞ்சைனா' என்பர். 1768-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இதனை விளக்கினார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது வரும் வலி, நின்றதும் மறைகிறது என்பதே அவர் கண்டது.

படி ஏறினால் வலி

மாமல்லபுரத்தில் கற்சிற்ப வேலை செய்யும் என் சித்தப்பாவுக்கு, திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலின் 500-க்கு மேற்பட்ட படிகளில் ஏறும்போதெல்லாம் நடுநெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவது போலிருக்கும். உட்கார்ந்தால் 5 நிமிடத்தில் போய்விடும். "வாய்வுதான்டா, கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்பார். ஆனால் வெறும் வயிற்றில் ஏறினாலும் வலி வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது வரவில்லை. இதைக் கேட்டதும் மருத்துவர் இ.சி.ஜி. எடுத்தார். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அவர் விடவில்லை. டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்தபோது குறை வெளிப்பட்டது. ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் இதயம் நலம் என்று முடிவுகட்டலாகாது. இன்று சித்தப்பா பீடியை விட்டு, மருந்து உண்டு, உளியும் பிடிக்கிறார்.

பிற காரணங்கள்

இதயத் தமனி திடீரென்று சுருங்கினால் ஓய்விலும், குறிப்பாக இரவிலும் விடியலிலும், வலி வரும். மகாதமனி வால்வு குறுகினாலும் இதயத் தசை தடித்தாலும் உழைக்கும்போது வலியும் மயக்கமும் வரலாம். எனவே விளையாட்டுத் திடலில் மாணவர் மயங்கி விழுந்தால் அதை எளிதாக எண்ணக் கூடாது. இதய உறை அழற்சியில், மூச்சை இழுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் வலி மிகும். முன்குனிந்து உட்கார்ந்தால் குறையும்.

விரைய வேண்டிய நேரம்

முன்னைவிடக் குறைந்த உழைப்பில் வலி வந்தாலும், ஓய்வில் வந்தாலும், சில நிமிட ஓய்வில் தணியாவிட்டாலும், கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்து மூச்சுத் திணறினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவும் மாரடைப்பு வரக்கூடும். மாமல்லபுரம் கரையோரக் குப்பங்களிலிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இத்தொலைவை எண்ணியே, முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது.

முடிவுரை

வலி எப்போது வந்தது? என்ன செய்கையில் வந்தது? எவ்வளவு நேரம் இருந்தது? எதனால் தணிந்தது? நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்நான்கையும் கேட்டுக் குறித்து மருத்துவரிடம் கொடுப்போம். வாய்வா, இதயமா என்று அவர் தீர்மானிக்கட்டும்.