படகுக்குப் பேர் வைக்குமுன் மைக்கைப் பிடியுங்கள்

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கிழக்குக் கரை முழுக்கப் பெயிண்ட் வாசம்தான். ஜூன் 14 வரை 61 நாள் கையில் இருக்கிறது. பலகை மாற்றுவார்கள், எஞ்சினை இறக்கி ஏற்றுவார்கள், கிழிந்த வலையைப் பொத்துவார்கள். பெயர் மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போகும். மீன்துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் பெயிண்டரைக் கூப்பிடுவார்கள். அவர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு “என்ன பேரு அண்ணாச்சி?” என்று கேட்ட பிறகுதான் யோசனையே ஆரம்பிக்கும். அந்த அவசரத்தில் வாயில் வருவது அந்தோணியார். இல்லையென்றால் மாதா. அதுவும் இல்லையென்றால் மாரியம்மன்.

கரையில் வி.எச்.எஃப். ரேடியோ செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பழகிய காதுக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். படகின் பெயர் காதுக்கானது. பக்கவாட்டில் எழுதிய பெயரைத் துறைமுகத்துக்குள் நிற்பவர்தான் படிப்பார். கடலுக்குள் போய்விட்டால் அது மைக்கில் வரும் குரல் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு வராது.

முடிவு ஒருவருடையது

பங்குக்கு வாங்கிய படகானாலும் பெயர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். நாலு பங்காளி கூடினால் நாலு பிள்ளைகளின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஜே.எம்.கே.என்.’ என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மைக்கில் ‘ஜே’யும் ‘கே’யும் ஒன்று, ‘எம்’மும் ‘என்’னும் ஒன்று. அந்தப் பெயர் பங்காளிகளுக்குச் சமாதானம் தரும், வேறு ஒன்றுக்கும் உதவாது.

ஐந்து பெயர் எழுதி, மூன்றை அடியுங்கள்

உயிரோடு இருக்கும் அரசியல்வாதி, நடிகர் பெயர் வேண்டாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் பெயிண்ட் வாங்க முடியாது. மகள்களில் ஒருத்தி பெயரும் வேண்டாம் என்பது என் கட்சி. இளையவள் கேட்கமாட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்குப் படகை விற்றால் என்ன செய்வீர்கள்? மகள் பெயர் எழுதிய பலகையை யாரோ கோடாலியால் பிளப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? தாத்தா, பாட்டி பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘அபாயம்’, ‘உதவி’ என்ற ஒலி வரும் எதையும் அடித்துவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

மைக் சோதனை

இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வி.எச்.எஃப். செட்டு நம் குரலை முழுசாகக் கொண்டுபோகாது. சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். ‘ஸ’, ‘ஃப’, காற்றோடு சொல்லும் ‘ச’ இவற்றின் சீறல் அதற்கு மேலே இருப்பதால் பாதியிலேயே தேய்ந்துவிடும். மிச்சத்தை எஞ்சின் சத்தம் தின்னும். தப்பிப் பிழைப்பது நெடில்தான்: ஆ, ஓ, ஏ. ‘காவேரி’ போகும். ‘ஸ்ரீ ஷண்முகா’ அந்தப் பக்கம் ‘முகா’வாக இறங்கும்.

இரண்டாவது சிக்கல் நம் கை. பொத்தானை அழுத்துவதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் முதல் எழுத்து போகாது. அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அலை அடிக்கிற நேரத்தில் ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. அதனால் இரண்டு படகுக்கும் உள்ள வித்தியாசம் முதல் எழுத்தில் மட்டும் இருந்தால் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேரி’யும் ‘மாரி’யும் பக்கத்துப் பக்கத்தில் தொழில் பார்த்தால் மைக்கில் இரண்டும் ஒருத்திதான்.

மூன்றாவது, கேட்பவர் தமிழராக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சானல் 16-இல் கூப்பிட்டால் எடுக்கிற கடலோரக் காவல்படை வீரர் பஞ்சாபியாக இருக்கலாம். குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் கொச்சியிலும் மங்களூரிலும் மீன் இறக்குகின்றன. ‘ஆழி’ எனக்குப் பிடித்த பெயர். ஆனால் அது ‘ஆலி’யாகவும் ‘ஆளி’யாகவும் ‘ஆஷி’யாகவும் போய்ச் சேரும். ழகரத்தை வீட்டு வாசலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனை இப்படி: எஞ்சினை ஓடவிட்டு, வீல்ஹவுஸ் கதவைத் திறந்து வைத்து, மிஞ்சிய இரண்டு பெயர்களையும், கூடவே உங்கள் துறையில் ஏற்கெனவே உள்ள நாலு படகுப் பெயர்களையும் கலந்து மைக்கில் சொல்லுங்கள். தலா ஒரு தடவை, அவசரக் குரலில். சானல் 16 வேண்டாம், அது அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. நீங்கள் வழக்கமாகப் பேசும் வேறு சானலில் பேசுங்கள். அந்தப் பக்கம் கேட்பவருக்குப் பட்டியல் தெரிந்திருக்கக் கூடாது. கேட்டதை அவர் எழுதட்டும். உங்கள் பெயரைப் பிழையாக எழுதினால் அது போச்சு. “நான் சரியாத்தான சொன்னேன்” என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

நீளத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஆபத்தில் மைக்கைப் பிடித்தால் ‘மேடே’ என்று மூன்று தடவை, படகின் பெயரை மூன்று தடவை, அதற்குப் பிறகுதான் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்பதெல்லாம். ‘இடைவிடாத சகாய மாதா துணை’ என்று மூன்று தடவை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மாதா கோபிக்கமாட்டார். பேட்டரிதான் கோபிக்கும்.

சாமி பெயர்தான் வைப்பேன் என்றால்

வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊரே ஒரு புனிதரை நம்பிக் கடலுக்குப் போகும்போது அந்தப் பெயரை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு துறையில் ஐந்து அந்தோணியார் இருந்தால் மைக்கில் நடப்பது இதுதான்:

“அந்தோணியார், அந்தோணியார், வலை வாங்கியாச்சா?”

“எந்த அந்தோணியார்லே?”

“நம்ம அந்தோணியார்தான் அண்ணாச்சி!”

மீன்பாடு உள்ள நாளில் இது சிரிப்பு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் படகுகள் லட்சத்தீவு, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத் என்று கிடைத்த கரையில் ஒதுங்கின. வீட்டில் இருந்தவர்கள் கேட்டதெல்லாம் எந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்பதைத்தான். அப்படி ஒரு இரவில் உங்கள் படகின் பெயரைச் சொல்லி “வந்துவிட்டது” என்று ஒரு சேதி வந்து, அது வேறு ஒருவருடைய படகாக இருந்தால்?

தீர்வு எளிது. புனிதரோடு அவர் ஊரையும் சேருங்கள். உவரி அந்தோணியார், புளியம்பட்டி அந்தோணியார், கச்சத்தீவு அந்தோணியார் மூவரும் மைக்கில் மூன்று பேர். நாளடைவில் ‘உவரியார்’, ‘புளியம்பட்டி’ என்று சுருங்கும், அது இன்னும் நல்லது. அம்மனுக்கும் அப்படியே: வெறும் மாரியம்மன் என்பதைவிடக் குலசாமி கோயில் ஊரோடு சேர்ந்த மாரியம்மன் மேல். ‘துணை’, ‘அருள்மிகு’, ‘ஸ்ரீ’ எல்லாம் வீல்ஹவுஸுக்குள் படத்துக்குக் கீழே இருக்கட்டும்.

இரண்டாவது படகுக்கு ‘2’ போடாதீர்கள். மைக்கில் நாள் முழுக்க ஓடுவது எண்கள்தான்: ஆழம் எத்தனை பாகம், ஜி.பி.எஸ்.ஸில் எந்தப் புள்ளி, மீன் எத்தனை பெட்டி. “உவரியார் ரெண்டு எட்டு அம்பத்தஞ்சு” என்றால் அந்த இரண்டு படகோடு சேர்ந்ததா, அட்சரேகையோடு சேர்ந்ததா? தனிப் பெயரே வையுங்கள். செலவு ஒன்றுதான்.

ஊர் வைக்கும் பெயர்

நீங்கள் என்ன வைத்தாலும் துறைமுகம் தன் விருப்பப்படி ஒன்று வைக்கும். பச்சை போட்டு, டீச்சர் வீட்டு லாஞ்சு, அப்படி. தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-இல் தொடங்கிய கம்பெனி வாங்கிய இரண்டு கப்பலுக்கும் பெயர் காலியா, லாவோ. ஊர் சொன்னது ‘சுதேசிக் கப்பல்’. இதைத் தடுக்க முடியாது. ஆனால் நீங்கள் வைக்கும் பெயர் குட்டையாக, கூப்பிட வாட்டமாக இருந்தால் ஊருக்கு வேறு பெயர் தேட வேலை குறையும். பெயரைச் சுருக்கினால் கேலியாக மாறுகிறதா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காதீர்கள், ஏலக்கூடத்துப் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய படகு வாங்கினால்

பெயரை மாற்றலாமா கூடாதா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். மாற்றுங்கள், கடல் ஒன்றும் சொல்லாது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவி பெயரில் ‘ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். மாற்றிய பெயரோடுதான் அது நம் தமிழ் மாலுமிகள் கையில் கடல்களைத் தாண்டி, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அன்னபூரணி என்றுதான் சொல்வார்கள் என்பது வேறு கதை.

ஆனால் பழைய பெயருக்கு நல்ல மீன்பாட்டுப் பேச்சு இருந்து, ஏலக்காரர்களுக்கும் அது பழக்கமாகியிருந்தால் நான் தொடமாட்டேன்.

மாற்றுவதானால் முதலில் காகிதம், பிறகு பெயிண்ட். பதிவுச் சான்று, காப்பீடு, வங்கிக் கடன், மானிய டீசல் புத்தகம் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டு. இந்த இடத்தில் நியூமராலஜிக்காரர் நுழைவார். ராசிக்கு ஒரு ‘எச்’ கூடச் சேர்க்கச் சொல்வார். படகில் அந்த ‘எச்’ இருக்கும், பதிவுச் சான்றில் இருக்காது, காப்பீட்டுப் பணம் கேட்டுப் போகும் அன்று அந்த ஒற்றை எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். எண் சாத்திரம் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

எழுதும் நாள்

பெயரைவிடப் பதிவு எண் முக்கியம், அதை மறக்க வேண்டாம். எல்லையில் பிடிபட்ட படகுகளின் பட்டியல் செய்தித்தாளில் வரும்போது ஐ.என்.டி.-டி.என். என்று தொடங்கும் எண்தான் வரும், நீங்கள் ஆசையாய் வைத்த பெயர் வராது. எண்ணுக்கு நல்ல இடத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பெயரை எழுதுங்கள். வீல்ஹவுஸ் கூரை மேலும் எண்ணை எழுதி வையுங்கள், தேடும் விமானம் மேலிருந்துதான் பார்க்கும்.

பெயிண்டர்கள் எல்லாரும் அணியத்திலிருந்துதான் எழுத ஆரம்பிப்பார்கள். இடப்பக்கம் அது சரி, முதல் எழுத்து அணியத்தில் விழும். வலப்பக்கம் அணியத்தில் வர வேண்டியது கடைசி எழுத்து. அளக்காமல் நடுவில் எங்கோ ஆரம்பித்தால் ‘புளியம்பட்’ வரை தாராளமாக வந்து, ‘டி’ வளைவில் நசுங்கிப் போய் நிற்கும். சாக்பீஸால் முழுப் பெயரையும் இரண்டு பக்கமும் போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறக்கவே விட வேண்டும். வலை வாங்கும் பக்கத்தில் உரசி உரசி முதலில் உதிர்வது புள்ளிகள்தான். அதனால் புள்ளியைச் சிறு குத்தாக வைக்காமல் ரூபாய்க் காசு அளவுக்குப் போடச் சொல்லுங்கள். நிழல், பூ, தங்கப் பார்டர் எதுவும் வேண்டாம். நீலத்தில் வெள்ளை, அவ்வளவுதான்.

வெள்ளோட்டத்துக்குச் சாமியாரோ பூசாரியோ மந்திரிக்க வரும் நாளில் பெயர் காய்ந்திருக்க வேண்டும். இரண்டாம் கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

அப்படியே பெயிண்ட் மிச்சம் இருக்கும்போது மிதவை, தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றிலும் பெயரையும் எண்ணையும் எழுதிவிடுங்கள். அடித்துக்கொண்டு போன கேனை வேறு ஊர்க்காரர் எடுத்தால் யாருடையது என்று தெரிந்தால்தானே கொண்டுவந்து தருவார்? மார்க்கர் பேனா போதாது, ஒரு வாரத்து உப்பில் போய்விடும். பெயிண்ட்டாலேயே எழுதுங்கள்.